வன்னி வீதிக்கு ஒரு வேலைச் சைக்கிள்: வாங்குவதில் இருந்து முதல் நூறு கிலோமீற்றர் வரை

வன்னியில் வேலைக்குச் சைக்கிளில் போகிறவருக்கு மேடு பிரச்சினையல்ல. ஓமந்தையில் இருந்து பரந்தன் வரை ஏ9 வீதியில் மூச்சு வாங்கும் ஏற்றம் என்று ஒன்றும் இல்லை. முள், கிரவல், வெயில், சோழகம் என்ற தென்மேற்குக் காற்று, மாரி வெள்ளம், இருட்டில் நடுவீதியில் படுத்திருக்கும் மாடு ஆகியவைதான் இங்கே பிரச்சினை. ஒரு வேலைச் சைக்கிளை இவற்றுக்கு ஏற்றபடிதான் தயார் செய்ய வேண்டும். கையில் உள்ள காசை ரயரிலும் பிறேக்கிலும் வெளிச்சத்திலும் போடுங்கள். பதினெட்டு கியர், முன்னும் பின்னும் ஸ்பிறிங் என்று கடையில் மினுங்கும் சைக்கிளுக்குக் கொடுக்கும் மேலதிகக் காசு கிரவல் புழுதியில் ஆறு மாதத்தில் கரைந்துவிடும்.

இந்த வழிகாட்டி ஒரு வழிப் பயணத்துக்கு ஆறு முதல் பதினைந்து கிலோமீற்றர் வரை, ஓரளவு தார் வீதியிலும் ஓரளவு கிரவல் ஒழுங்கையிலும் தினமும் ஓடுபவருக்கானது.

1. எந்தச் சைக்கிள்

2022 எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாங்கிய சைக்கிள்கள் பல வீடுகளில் கொட்டிலில் சாத்திக் கிடக்கின்றன. புதிதாக வாங்குமுன் உறவுகளிடம் கேட்டுப் பாருங்கள். பழைய லுமாலாவோ ஹீரோவோ சட்டம் நேராக இருந்தால் போதும், மற்றதெல்லாம் மாற்றக்கூடியவை.

சட்டத்தைப் பார்க்கும் முறை இது. ஹாண்டிலுக்குக் கீழே இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில் பெயின்ற் சுருங்கியோ மயிர்க்கோடு போல வெடித்தோ இருந்தால் வேண்டாம். அந்தச் சைக்கிள் எங்கோ மோதியிருக்கிறது. பின்னால் நின்று பார்த்தால் முன்சில்லும் பின்சில்லும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். பெடல் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். இரண்டு தண்டும் சேர்ந்து ஆடினால் உள்ளே பெயாரிங் குண்டுகள் தேய்ந்துவிட்டன என்று அர்த்தம், மாற்றுவது பெரிய செலவல்ல. ஒரு தண்டு மட்டும் ஆடினால், தண்டை அச்சோடு பூட்டும் ஆப்பு ஆணி தேய்ந்திருக்கிறது. அதோடு ஓட வேண்டாம். தண்டின் துளையே பெருத்துவிடும்.

உயரம் பார்க்க, சீற்றுக்கு முன்னால், சட்டத்தின் மேல்குழாயான பாரின் இருபுறமும் கால்களை நிலத்தில் ஊன்றி நில்லுங்கள். பாருக்கும் கவட்டுக்கும் இடையில் மூன்று முதல் ஐந்து சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும். சாறியோ பாவாடையோ உடுத்து ஓடுபவர்களும், கரியரில் உயரமாகச் சாமான் கட்டுபவர்களும் பார் இல்லாத சட்டத்தையே எடுங்கள். பின்னால் காலைத் தூக்கிப் போட இடமிருக்காது.

2. ரயரும் ரியூப்பும்

இதில் நேரம் செலவிடுங்கள். வேலைக்குப் பிந்துவதற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

முதலில் அளவு. “26 ரயர் தாங்கோ” என்று கேட்டு வாங்கிவந்து, றிம்மில் ஏறாமல் திருப்பிக் கொண்டுபோவது வழக்கமாக நடக்கிறது. 26 × 1⅜ என்பதும் 26 × 1.95 என்பதும் வேறு வேறு றிம்களுக்கானவை. ரயரின் பக்கத்தில் சிறிய எழுத்தில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 26 × 1⅜ என்றால் 590, மலைச் சைக்கிள் வகை 26 × 1.95 என்றால் 559, பெரிய 28 × 1½ என்றால் 635. அது றிம்மில் ரயர் உட்காரும் இடத்தின் விட்டம், மில்லிமீற்றரில். அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

உங்கள் பாதையில் பாதிக்கு மேல் கிரவல் என்றால், சட்டத்தில் இடமிருக்கும் அளவுக்கு அகலமான ரயர் போடுங்கள். குமிழ் குமிழாக நிற்கும் மலைச் சைக்கிள் ரயர் தார் வீதியில் இழுவை தரும். நடுவில் தொடர்ச்சியான மேடும் ஓரத்தில் மட்டும் குமிழும் உள்ளதே இங்கத்தைய வீதிக்குப் பொருத்தம்.

இனிக் காற்று. அறுபத்தைந்து கிலோ எடையுள்ளவர் பத்துக் கிலோ சாமானோடு தார் வீதியில் ஓடினால் 28 × 1½ அல்லது 26 × 1⅜ ரயருக்குப் பின்னால் 60 பி.எஸ்.ஐ., முன்னால் 50 அளவில் தொடங்கலாம். 26 × 1.95 என்றால் பின்னால் 45, முன்னால் 40. கிரவல் கூடிய பாதைக்கு எட்டுப் பத்துக் குறையுங்கள். ரயரின் பக்கத்தில் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். பெருவிரலால் அமத்திப் பார்ப்பது நம்பக்கூடிய அளவல்ல. 40-உம் 60-உம் விரலுக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மானி வைத்த கால் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

வெயிலில் நிறுத்தினால் ரயர் வெடிக்கும் என்று பயந்து பலர் காற்றைக் குறைவாகவே வைத்திருக்கிறார்கள். 60 பி.எஸ்.ஐ. அடித்த ரயர் 30 பாகையில் இருந்து 60 பாகைக்குச் சூடேறினால் அழுத்தம் ஏழு பி.எஸ்.ஐ. அளவில்தான் கூடும். நல்ல ரயர் அதைத் தாங்கும். வெயிலில் கெடுவது ஒட்டு. சூட்டில் சொலுசன் இளகி, பழைய ஒட்டின் ஓரம் கிளம்புகிறது. ஆகவே காற்றை இறக்காதீர்கள், சைக்கிளை நிழலில் விடுங்கள். காற்றுக் குறைந்த ரயருக்கு வேறு நோய் வரும்: மதகு விளிம்பில் ஏறும்போது றிம் ரியூப்பை நசித்து, பக்கத்துப் பக்கமாக இரண்டு கீறல் விழும்.

காற்றுப் போனால் ஓட்டை எங்கே என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். ரியூப்பின் வெளிப்பக்கம் என்றால் முள். றிம்மைத் தொடும் உட்பக்கம் என்றால் சில்லுக் கம்பியின் நுனி குத்தியிருக்கிறது. கம்பித் தலைகளை அரத்தால் தேய்த்து, றிம் நாடாவை மாற்றுங்கள். பழைய ரியூப்பில் வெட்டிய வார் நல்ல றிம் நாடா. வால்வின் அடியில் கிழிந்திருந்தால், காற்றுக் குறைவாக ஓடி ரியூப் றிம்முக்குள் நகர்ந்திருக்கிறது. அந்தக் கிழிவு ஒட்டுக்கு நிற்காது, ரியூப்பையே மாற்ற வேண்டும்.

ஓட்டையே தெரியாமல் இரவோடு இரவாகக் காற்று இறங்கினால் வால்வைப் பாருங்கள். பழைய வகை வால்வில் சிறு இறப்பர்க் குழாய் ஒன்று ஏறியிருக்கும். வெயிலுக்கு அது வெடித்துவிடும். ஐந்தாறு வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். ரியூப் மாற்றும்போது மோட்டார் சைக்கிள் வகை வால்வுள்ளதாகப் பார்த்து வாங்கினால் இந்தத் தொல்லையே இல்லை, ஆனால் றிம்மின் துளை அதற்குப் போதுமா என்று முதலில் பாருங்கள்.

முள்ளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கோடையில் நெருஞ்சி, வேலியோரமாக இலந்தையும் உடைமரமும் விடத்தலும். வேலி வெட்டிப்போட்ட ஒழுங்கையில் இறங்கி நடப்பதே மலிவு. முள் குத்தியபின் ரியூப்பை மட்டும் ஒட்டி அவசரமாக ஏற்றினால், ரயருக்குள் முறிந்து நிற்கும் நுனி மறுநாளும் குத்தும். ரயரின் உட்புறம் முழுவதையும் ஒரு பழைய துணியால் துடையுங்கள். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள் இருக்கிறது. வெறுங்கையால் தடவ வேண்டாம்.

முள்ளுக்கு நல்ல காவல் ஒன்று காசில்லாமல் கிடைக்கும். பழைய ரியூப்பில் வால்வுள்ள துண்டை வெட்டி எறிந்துவிட்டு, மீதியை உட்பக்கத்தால் நீளத்துக்குக் கீறி, ரயருக்கும் புது ரியூப்புக்கும் இடையில் வைக்க வேண்டும். இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று நாலு சென்ரிமீற்றர் ஏறியிருக்கட்டும். இடையில் முகத்துக்குப் போடும் பவுடர் தூவுங்கள், அல்லாவிட்டால் உரசிச் சூடாகும். சைக்கிள் சற்றுப் பாரமாக ஓடும், ஆனால் நெருஞ்சி பெரும்பாலும் அதைத் தாண்டாது. பழைய ரயரை வெட்டி உள்ளே போடுவதும் வழக்கத்தில் இருக்கிறது. அது வேண்டாம், அதன் ஓரம் ரியூப்பை அராவிவிடும்.

ஒட்டுப் போடும்போது பொறுமை வேண்டும். ஒட்டைவிடச் சுற்றிவர ஒரு சென்ரிமீற்றர் கூடுதலாக உரசி, சொலுசனை மெல்லிசாகப் பூசி, பளபளப்புப் போகும்வரை ஐந்து நிமிடம் விடுங்கள். ஈரமாக இருக்கும்போதே அழுத்தியதுதான் பிற்பகல் வெயிலில் கழன்றுவரும் ஒட்டு.

3. சில்லுக் கம்பிகள்

பழைய பெரிய சைக்கிளில் முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40. பாரம் கட்டுவதற்கு அது நல்ல அமைப்பு. பக்கத்துப் பக்கமான கம்பிகளை இரண்டு இரண்டாக விரலால் நெரித்துப் பாருங்கள். மற்றவற்றைவிடத் தளர்ந்தது இருந்தால் கால் சுற்று மட்டும் இறுக்கி மறுபடி பாருங்கள். ஒரேயடியாக ஒரு முழுச் சுற்று இறுக்கினால் சில்லு கோணும். பின்சில்லில் பிறீவீல் (செயின் ஓடும் பற்சக்கரம்) உள்ள பக்கக் கம்பிதான் முதலில் அறும். ஒன்று அறுந்தால் அன்றே மாற்றுங்கள். அதன் பாரத்தை இரண்டு பக்கத்துக் கம்பிகளும் சுமந்து அவையும் அறும்.

4. பிறேக்

கேபிளுக்குப் பதிலாக இரும்புத் தண்டால் இழுக்கும் கம்பி பிறேக்கும் இரும்பு றிம்மும் கோடையில் போதும். மாரியில் நனைந்த இரும்பு றிம்மில் இறப்பர் வழுக்கும், நிற்பதற்கு இரண்டு மடங்குக்கு மேல் தூரம் எடுக்கும். மாரியிலும் ஏ9இல் பஸ்களோடு ஓடுபவர் அலுமினிய றிம்மும் கேபிள் பிறேக்கும் போடுவதையே பரிந்துரைக்கிறோம். ஆனால் கம்பி பிறேக் றிம்மின் உட்புறத்தில் பிடிக்கிறது, கேபிள் பிறேக் பக்கத்தில் பிடிக்கிறது. றிம்மை மாற்றாமல் பிறேக்கை மட்டும் மாற்ற முடியாது. இரண்டுக்கும் காசில்லை என்றால் முன்சில்லை மட்டும் மாற்றுங்கள். நிறுத்தும் வலுவில் பெரும்பங்கு முன் பிறேக்கில்தான் இருக்கிறது.

இறப்பருக்கும் றிம்முக்கும் இடையே இரண்டு மில்லிமீற்றர் இடைவெளி. இறப்பரின் முன்நுனி பின்நுனியைவிட ஒரு மில்லிமீற்றர் முதலில் தொடுமாறு சாய்த்து இறுக்கினால் கீச்சுச் சத்தம் நிற்கும். இறப்பர் ரயரைத் தொடவே கூடாது, ஒரு வாரத்தில் ரயரின் பக்கத்தைத் தின்றுவிடும். கைப்பிடியைப் பாதி தூரம் இழுத்தபோதே சைக்கிள் நிற்க வேண்டும்.

எந்தக் கையில் எந்தப் பிறேக் என்பதும் முக்கியம். வலப்பக்கம் திரும்பும்போது வலக்கையால் சைகை காட்டுகிறோம். அப்போது ஹாண்டிலில் இருப்பது இடக்கை. இடக்கைக்குப் பின் பிறேக்கைக் கொடுங்கள். ஒற்றைக் கையால் முன் பிறேக்கைப் பிடித்தால் ஹாண்டில் திரும்பிவிடும்.

மழையில் ஓடும்போது நிறுத்த வேண்டிய இடத்துக்கு முன்பே பிறேக்கை மெல்லத் தொட்டு றிம்மைத் துடையுங்கள். பிறகு அழுத்தினால் பிடிக்கும்.

5. பிறீவீலும் செயினும்

ஒற்றை வேகச் சைக்கிள் வன்னிக்குப் போதும், பற்களின் கணக்குச் சரியாக இருந்தால். முன்னால் 44 பல், பின்னால் 18 பல், 28 சில்லு என்றால் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 5.4 மீற்றர் போகும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். காற்றில்லாத காலையில் இது சுகம். சோழகம் வீசும் மாதங்களில், கிளிநொச்சியில் வேலை முடித்து முறிகண்டிப் பக்கம் தெற்கே திரும்புபவருக்கு அதே 18 பல் முழங்காலை வாட்டும். 20 பல் பிறீவீலுக்கு மாற்றினால் மிதிப்பது பத்தில் ஒரு பங்கு இலேசாகும், வேகம் மணிக்கு இரண்டு கிலோமீற்றர் குறையும். நல்ல பேரம்.

பிறீவீலைக் கழற்றுவதற்குத் தனிக் கருவி வேண்டும், கடையில் கொடுங்கள். இரண்டு பல் கூடும்போது பின்சில்லை ஆறு மில்லிமீற்றர் முன்னே தள்ளினால் செயின் சரியாகிவிடும், பெரும்பாலும் கண்ணி சேர்க்கத் தேவையில்லை. முன்பல்லுக்கும் பின்பல்லுக்கும் நடுவே செயின் மேலும் கீழுமாக ஒரு சென்ரிமீற்றர் அசைய வேண்டும். அதைவிட இறுகினால் குண்டுகள் தேயும், தளர்ந்தால் கிரவல் குலுக்கலில் கழலும்.

புதுச் செயினில் 24 ஆணி இடைவெளிகள் சரியாக 12 அங்குலம். அது 12⅛ அங்குலமாக நீண்டிருந்தால் செயின் முடிந்துவிட்டது. அதற்கு மேலும் ஓடினால் பற்களும் சேர்ந்து போகும்.

எண்ணெய் விடுவதில் ஒரு கெட்ட பழக்கம் பரவியிருக்கிறது. மோட்டார் சைக்கிளின் கழிவு எண்ணெயை ஊற்றுவது. அதில் செம்புழுதி ஒட்டி அரைக்கும் சாந்தாகி, செயினைத் தின்னும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், பிசினாகிவிடும். தையல் மெஷின் எண்ணெயைக் கண்ணிக்கு ஒரு துளி விட்டு, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, வெளிப்புறத்தைத் துணியால் காயத் துடையுங்கள். எண்ணெய் கண்ணிக்கு உள்ளே இருந்தால் போதும்.

6. சீற்றும் ஹாண்டிலும்

சீற்றில் இருந்து பெடலை அடியில் நிறுத்தி, அதன்மேல் குதிக்காலை வையுங்கள். முழங்கால் நேராக நிமிர வேண்டும். அதுதான் உயரம். முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்கால் கொஞ்சம் மடிந்திருக்கும். இரண்டு பாதமும் நிலத்தில் பதிய வேண்டும் என்று சீற்றைத் தாழ்த்தி ஓடுபவர்களுக்கே முழங்கால் நோகிறது. சீற் குழாயில் அடையாளக் கோடு இருந்தால் அதற்கு மேல் உயர்த்த வேண்டாம், சட்டம் வெடிக்கும். ஹாண்டில் சீற்றின் மட்டத்துக்கோ சற்று உயரமாகவோ இருக்கட்டும்.

7. மட்காட், செயின் மூடி

மாரியில் செம்மண் ரயரில் ஏறி மட்காட்டுக்குள் அடைந்து சில்லையே நிறுத்திவிடும். ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையே இரண்டு சென்ரிமீற்றர் இடம் வேண்டும். முன் மட்காட்டின் நுனியில் பழைய ரியூப் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டால் சப்பாத்தும் செயினும் தப்பும். மட்காட் கம்பிகளின் சுரைகள் குலுக்கலில் கழலும். ஸ்பிறிங் வாசர் போடுங்கள். சாறி, சல்வார் உடுத்துபவர்களுக்கு முழுச் செயின் மூடியும் பின்சில்லின் இரு பக்கமும் வலையும் கட்டாயம். சாறித் தலைப்பைச் சில்லு இழுத்து விழுவது பாரதூரமான விபத்து.

8. கரியரும் பொதியும்

நாலு கால்களும் அச்சோடு பூட்டப்பட்ட இரும்புக் கரியரே வேண்டும். முதுகில் பை சுமந்தால் பத்து மணிக்கே சட்டை நனைந்துவிடும். மாற்றுச் சட்டை, சாப்பாட்டுப் பாசல், ஒன்றரை லீற்றர் தண்ணீர் எல்லாம் கரியரில் போகட்டும். பாரத்தைத் தாழவும் சீற்றுக்கு அண்மையிலும் கட்டுங்கள். பின்னுக்குத் தள்ளிக் கட்டினால் முன்சில்லு இலேசாகி ஹாண்டில் ஆடும்.

கட்டுவதற்குப் பழைய ரியூப்பை நீளமாகக் கீறிய வாரைவிட நல்லது கிடையாது. மழைக்குக் கழுவிய உரப்பை ஒன்று. கடதாசிகளும் தொலைபேசியும் முதலில் பொலித்தீன் பையில், பிறகு உரப்பையில், வாயை மடித்துக் கீழ்ப்பக்கமாக.

9. வெளிச்சம்

ஆறு மணிக்கு வேலை விட்டால் மார்கழியில் வீடு போகும்முன் இருட்டிவிடும். பற்றறி விற்காத யுத்தகாலப் பொருளாதாரத் தடையின்போது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட மண் இது. டைனமோ இன்றும் நல்ல துணைதான். வழமையான டைனமோ 6 வோல்ற், 3 வாட் தரும். எல்.இ.டி. விளக்குக்கு அது தாராளம். ஆனால் ரயரின் பக்கத்தில் உரசும் வகை மழையில் வழுக்கும், நின்றவுடன் அணையும். ஆகவே பின்னால் சார்ஜ் செய்யும் சிவப்பு விளக்கு ஒன்று தனியாக வேண்டும். நீங்கள் நிற்கும்போதும் அது எரியும்.

முன்விளக்கைப் பன்னிரண்டு மீற்றர் அளவு தூரத்தில் வீதியில் விழுமாறு சாயுங்கள். மேலே தூக்கி வைத்தால் எதிரே வருபவர் கண்ணைக் குத்தும், உங்களுக்குக் குழியும் தெரியாது. பின்விளக்கைக் கரியரின் வலப்பக்கமாகப் பூட்டுங்கள், உரப்பை மறைக்காத இடத்தில். பெடல் இரண்டிலும் பின் மட்காட்டிலும் ஒளிதெறிக்கும் நாடா ஒட்டுங்கள். மேலும் கீழும் அசையும் பெடல் வெளிச்சத்தைச் சாரதி எளிதில் சைக்கிள் என்று அடையாளம் காண்பார்.

எதிரே பஸ் முழு வெளிச்சத்தோடு வந்தால் அதைப் பார்க்காமல் இடப்பக்க வெள்ளைக் கோட்டைப் பாருங்கள், வேகத்தைக் குறையுங்கள். அந்தச் சில விநாடிகளில்தான் தார்ச் சூட்டுக்குப் படுத்திருக்கும் மாட்டில் மோதுவது நடக்கிறது.

ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, மாங்குளம் பக்கக் காட்டு வீதிகளில் பொழுது படும் நேரமும் விடியற்காலையும் யானையின் நேரம். வேலை நேரத்தை மாற்றிக் கேட்க முடிந்தால் கேளுங்கள், முடியாவிட்டால் துணையோடு போங்கள். யானை தெரிந்தால் தூரத்திலேயே நின்று, வெளிச்சத்தை அதன் முகத்தில் அடிக்காமல், வந்த வழியே திரும்புங்கள். குறுக்குப்பாதை என்று ஊரார் தினமும் புழங்காத காட்டுத் தடத்தில் இறங்க வேண்டாம். மிதிவெடி அபாயப் பலகை உள்ள இடத்தில் சலம் கழிக்கக்கூட வீதியை விட்டு இறங்கக் கூடாது.

10. பையில் இருக்க வேண்டியவை

ஒரு மாற்று ரியூப், ஒட்டுச் சாமான், ரயர் கழற்றும் நெம்பு இரண்டு, கைப் பம்ப், அச்சுச் சுரைக்குப் பொருந்தும் ஸ்பனர், ஒரு துணி. வீதியில் ஒட்டுப் போடாதீர்கள். ரியூப்பை மாற்றிவிட்டு, ஓட்டையானதை இரவில் வீட்டில் ஒட்டுங்கள். மாங்குளத்துக்கும் ஒட்டுசுட்டானுக்கும் இடையே காட்டில் நின்றுபோனால் கடை தேடிக் கனதூரம் தள்ள வேண்டிவரும்.

பூட்டு நீளச் சங்கிலியாக இருக்கட்டும். பின்சில்லோடு உள்ள வட்டப் பூட்டு சில்லைத்தான் பூட்டும், சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகலாம். சட்டத்தில் அடித்திருக்கும் இலக்கத்தைத் தொலைபேசியில் படமெடுத்து வையுங்கள். பொலிஸில் முறையிடும்போது அதுதான் சான்று.

11. பருவத்துக்கு ஏற்ற பராமரிப்பு

கோடையில் வாரத்துக்கு ஒருமுறை செயினைத் துடைத்து எண்ணெய். மாரியில் நனைந்த ஒவ்வொரு நாளும் துடைப்பு. வெள்ளத்தில் சில்லின் அச்சு மூழ்கினால் உள்ளே தண்ணீர் போய்விட்டது. அந்த வாரமே அவிழ்த்து, மண்ணெண்ணெயில் கழுவி, புதுக் கிறீஸ் போடுங்கள். விட்டால் ஒரு மாதத்தில் குண்டுகள் கரகரக்கும். ஓடும் நீர் அச்சுக்கு மேல் நின்றால் கடக்கவே வேண்டாம், வீதியின் ஓரம் எது என்று தெரியாது. ஆனையிறவு, வட்டுவாகல் போன்ற உப்புக்காற்றுப் பக்கம் ஓடுபவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் துடைத்து, சுரைகளிலும் கம்பித் தலைகளிலும் எண்ணெய் தொட்டு வையுங்கள்.

12. முதல் ஓட்டம்

திங்கட்கிழமை காலையில் சோதனை வேண்டாம். ஞாயிறன்று, வேலைக்குக் கொண்டுபோகும் அதே பாரத்தைக் கட்டி, அதே வீதியில் போய்வாருங்கள். எடுக்கும் நேரத்தைக் குறித்து, எதிர்க்காற்றுக்குப் பத்து நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். வந்ததும் ஹாண்டில், சீற், அச்சு, கரியர், மட்காட் சுரைகளை ஒவ்வொன்றாக இறுக்கிப் பாருங்கள். புதுச் செயினும் கேபிளும் முதல் நூறு கிலோமீற்றருக்குள் நீளும், புதுக் கம்பிகள் தளரும். அந்த நூறு முடிந்ததும் செயின் தளர்வு, பிறேக் இடைவெளி, கம்பி இறுக்கம் மூன்றையும் மறுபடி சரிசெய்யுங்கள். தண்டின் ஆப்பு ஆணி புதிதாகப் போட்டிருந்தால் அதைச் சுத்தியலால் மெல்லத் தட்டி, சுரையை இன்னும் கால் சுற்று இறுக்குங்கள்.